சாறி கலர் வேற எண்டு கேஸ் போட்டுட்டாங்க, காசையும் புடிச்சு வெச்சிரிக்காங்க. என்ன செய்யிற?

தறிச்சத்தம் (மருதமுனை):
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் மருதமுனையில இரிந்து கைத்தறி சாறி, சாரன் ஒன்லைன்ல விக்கிறன், ஒண்டரை வருஷமாகுது. தறி மாமாட, போட்டோ எடுக்கிறது லிஸ்டிங் போடுறது பார்சல் கட்டுறது எல்லாம் நான். இங்க பேஸ்புக்ல விக்கிறது ஒரு பக்கம், வெளிநாட்டுக்கு ஒரு பெரிய சைட்ல விக்கிறது மறுபக்கம். அந்த சைட்ட பேர் வேணாம், பிரச்சினை சைட்டோட இல்ல.

பர்மிங்ஹாம்ல ஒரு அம்மா மயில்கழுத்துக் கலர் சாறி ஒண்டு 48 பவுண்ஸுக்கு எடுத்தவ. சாமான் போய்ச் சேந்து நாலாம் நாள் "சொன்ன மாதிரி இல்ல" எண்டு சைட்லயே கேஸ், அதாவது முறைப்பாடு, போட்டிரிக்கா. போட்டோல நீலமாம், வந்தது பச்சையாம், அதோட நூல் அங்கங்க தடிப்பா இரிக்காம், டேமேஜாம். ஒரு போட்டோவும் போட்டிரிக்கா, அதுல உண்மையா பச்சையாத்தான் தெரியுது. ஆனா நான் அனுப்பினது அதே சாறிதான், சத்தியமா. எனக்கு வந்த முதல் யோசனை, இவ வேற சாறிய வெச்சுப் போட்டோ எடுத்துத்து என்ட சாறிய சும்மா எடுக்கப் பாக்கிறா எண்டுதான். நல்லா எழுதிக் குடுப்பம் எண்டு பாத்தன், மாமா வேணாம், முதல் ஆரிட்டயும் கேள் எண்டார். சைட் காசைப் புடிச்சு வெச்சிரிக்கு. திருப்பி அனுப்பச் சொன்னா தபால் செலவு என்ட தலையில, அது சாறிட வெலைக்குக் கிட்ட வருது. ஆராவது இப்பிடிப் பட்டவங்க இரிந்தா சொல்லுங்க.

ஏறாவூர்_நானா:
ரிபண்ட் குடுக்காதீங்க தம்பி. ஒருக்கா குடுத்தா பழகிடும். நான் பழைய ஃபோன், ஃபோன் சாமான் விக்கிறன், என்ட லிஸ்டிங்ல கொட்டை எழுத்துல "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது" எண்டு போட்டிரிக்கு. கதை முடிஞ்சி.

கல்லடிக்_காத்து:
நானா, அந்த வரியப் போட்டா கதை முடியிறல்ல, அங்கதான் தொடங்குது. நான் ஈபேயில 6 வருஷமா விக்கிறன், கைவினைச் சாமான், பழைய முத்திரை. அங்கத்த விதிதான் எனக்குத் தெரியும், தம்பிட சைட்ல என்ன எண்டு தம்பி பாக்கணும். ஈபேயில நீங்க "ரிட்டர்ன் இல்ல" எண்டு போட்டிருந்தாலும் வாங்கினவங்க "சொன்ன மாதிரி இல்ல" எண்டு கேஸ் போட்டா அந்த வரிக்கு மதிப்பே இல்ல. மனம் மாறித் திருப்பித் தாறவங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். டெலிவரி ஆகி 30 நாளுக்குள்ள அவங்க கேஸ் திறக்கலாம், திறந்தா நமக்கு 3 வேலை நாள் இருக்கு பதில் சொல்ல. அதுக்குள்ள ஒண்டும் செய்யல்லண்டா அவங்க ஈபேயக் கூப்பிடலாம், ஈபே வந்து பாத்து அவங்க பக்கம் முடிச்சா காசும் போகும், உங்கட கணக்குல "விற்பவர் தீர்க்காமல் மூடிய கேஸ்" எண்டு ஒரு கறையும் விழும். அப்பிடிக் கறை கூடினா கணக்குட தரம் இறங்கிடும்.

தம்பி, மூணு விஷயம் கேக்கிறன் பதில் சொல்லுங்க. கேஸ் போட்டு எத்தின நாள்? அவவுக்கு ஏதாவது பதில் எழுதிட்டீங்களா? அந்தச் சாறிட பாவு (நீளப்பாட்டு நூல்) என்ன நிறம், ஊடை (குறுக்கு நூல்) என்ன நிறம்?

தறிச்சத்தம்:
அக்கா, கேஸ் போட்டது நேத்து ராவு. ஒண்டும் எழுதல்ல. பாவு நீலம், ஊடை பச்சை. அதுதான் மயில்கழுத்து.

கல்லடிக்_காத்து:
அப்ப நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல.

பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறம் எண்டா துணி பாக்கிற கோணத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏத்த மாதிரி மாறும். உங்களிட்ட அதே பாவுல நெய்ஞ்ச வேற சாறி இருந்தா நாளைக் காலம வெளிய கொண்டுபோய் விரிச்சு நாலு பக்கமும் நிண்டு பாருங்க. மறுகா வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு வரி மட்டும் எழுதுங்க, "உங்கட செய்தி கிடைச்சது, பாத்துத்து நாளைக்குள்ள பதில் தாறன்" எண்டு. சைட்டுக்குள்ள மட்டும் எழுதுங்க. வட்ஸ்அப்புக்குப் போகாதீங்க, அவவே நம்பர் தந்தாலும் போகாதீங்க. பிறகு ஆர் என்ன சொன்ன எண்டு சைட் பாக்கிறது அவங்கட மெசேஜ் பெட்டியத்தான்.

சுவிஸ்_ஆரையம்பதி:
நான் வாங்குற பக்கத்தில இருந்து ஒண்டு சொல்றன். இஞ்ச இருக்கிற எங்கட ஆக்கள் ஏன் மெசேஜ் போடாம நேரா கேஸ் போடுறாங்க எண்டு ஊர்ல இருக்கிறவங்க கோவிக்கிறீங்க. இங்கிலாந்துல கடைக்குப் போகாம வாங்கின சாமான 14 நாளுக்குள்ள ஒரு காரணமும் சொல்லாம வேணாம் எண்டு சொல்ற உரிமை சட்டத்துலயே இருக்கு, 2014 இல இருந்து இப்ப இருக்கிற மாதிரி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்லயும் 14 நாள்தான். அவங்க அதுல பழகின ஆக்கள். கேஸ் போடுறது அவங்களுக்கு சண்டை இல்ல, அது கடையில போய் "இது அளவில்ல, மாத்தித் தாங்க" எண்டு சொல்ற மாதிரி ஒரு பட்டன். நீங்க அத பொலிஸ் என்ட்ரி மாதிரி எடுக்கிறீங்க.

இன்னொண்டு, அந்த பட்டன்ல "நிறம் பிடிக்கல்ல" எண்டு அமத்தினா தபால் காசு அவங்கட கையால, "சொன்ன மாதிரி இல்ல" எண்டு அமத்தினா உங்கட கையால. கனபேர் அத வாசிச்சுப் பாத்துத்துத்தான் அமத்துற. நானும் ஒருக்கா அமத்தியிருக்கன், மறைக்க என்ன இருக்கு.

ஏறாவூர்_நானா:
இதத்தான் நான் களவு எண்டு சொல்ற.

சுவிஸ்_ஆரையம்பதி:
நானா நான் அமத்தினது கஜுவுக்கு. பெட்டியில 500 கிராம் எண்டு போட்டிருந்த, நிறுத்துப் பாத்தா 430. அது களவெண்டா ஆர் களவன் எண்டு நீங்களே சொல்லுங்க.

திருக்கோவில்_கஜு:
கஜு எண்டதும் எனக்கு நெஞ்சு திக் எண்டுது, நான் இல்ல அது. ஆனா நிறை குறையிற பிரச்சினை தெரியும், வறுக்க முதல் நிறுத்தா வறுத்த பிறகு ஈரம் போய்க் குறையும், பெட்டியில அடைச்ச பிறகு நிறுக்கணும். சாப்பாட்டுச் சாமான்ல ரிட்டர்ன் எண்ட கதையே இல்ல, திரும்பி வந்தாலும் என்ன செய்யிற, வீசணும். நான் ஒவ்வொரு வறுவல்லயும் கால் கிலோ ஒண்டு வீட்ட எடுத்து வெக்கிறன். ஆராவது சிக்குமணம் எண்டு சொன்னா அதே நாள் வறுத்த பையத் திறந்து மணந்து பாப்பன். என்டதுலயும் மணந்தா முழுக் காசு. என்டதுல மணக்கல்லண்டா எங்கயோ வெயில்ல கிடந்திருக்கு, அப்பவும் புதுசு ஒண்டு அனுப்புவன், தபால் காசு பாதி பாதி.

வாழைச்சேனைப்_பெடியன்:
வெளிநாட்டுக் கேஸ விடுங்க, இங்க கேஷ் ஒன் டெலிவரியில நாங்க படுற பாட்ட ஆரும் கதைக்கிறீங்க இல்ல. நான் புள்ளைகள்ர உடுப்பு பேஸ்புக்ல விக்கிறன். போன மாசம் 60 பார்சல்ல 14 திரும்பி வந்த. போற காசும் கட்டணும் வாற காசும் கட்டணும், திரும்பி வாற உடுப்பு கசங்கி பை கிழிஞ்சி. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டாங்க. கடுப்புல பார்சல் எடுக்காத ஆக்கள்ர பேரும் நம்பரும் ஒரு குரூப்ல போட்டன், கனபேர் ஷெயார் பண்ணின. மறுகா தெரிஞ்சது அதுல ஒரு நம்பர் ஒரு இலக்கம் பிழை. ஒரு டீச்சர்ர நம்பர். அவவுக்கு ராவு பகலா கோல் வந்து, அவட தம்பி எங்கட வீட்டு வாசல்ல வந்து நிண்டான். உம்மா அழுத அழுகை.

களுவாஞ்சிக்குடியான்:
தம்பி அந்த லிஸ்ட இன்னும் அழிக்கல்லண்டா இப்பவே அழிங்க. நான் லோயர் இல்ல, ஒரு கந்தோர்ல எழுதுவினைஞர். ஆனா 2022 இல 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு வந்திருக்கு. பார்சல் அனுப்ப எண்டு உங்களிட்டத் தந்த நம்பர ஊருக்குக் காட்டுறதுக்கு ஆரும் உங்களுக்கு அனுமதி தரல்ல. சட்டம் இல்லாட்டியும் அது செய்யக்கூடாத வேலை.

ஏறாவூர் நானா, உங்கட கொட்டை எழுத்துக்கும் ஒரு பதில். இந்த நாட்டுல 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கு. விவரணம் சொல்லி வித்தா சாமான் அந்த விவரணத்துக்குப் பொருந்தணும் எண்டது அதுல உள்ள விஷயம். அதுக்கு மேல 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வாங்கினவர் 1977 க்கு ஃபோன் அடிச்சு முறைப்பாடு சொல்லலாம். ஒன்லைன்ல வித்தாலும் யாவாரம் யாவாரம்தான்.

ஏறாவூர்_நானா:
அப்ப விக்கிறவனுக்கு ஒரு சட்டமும் இல்லயா? எனக்கு நடந்தத சொல்றன். ஒரு ஃபோன் ஒண்டு அனுப்பின, வாங்கினவர் டிஸ்ப்ளே அடிபட்டிருக்கு எண்டு திருப்பி அனுப்பினார். பெட்டியத் திறந்தா அதே மொடல், ஆனா என்ட ஃபோன் இல்ல! என்ட ஃபோன்ட ஐஎம்இஐ நம்பர், ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி நம்பர், நான் எழுதி வெக்கல்ல. எப்பிடி நிரூபிக்கிற? 38,000 ரூவா போன. அதுக்குப் பிறகுதான் அந்தக் கொட்டை எழுத்து.

கல்லடிக்_காத்து:
இத முதல்லயே சொல்லியிருந்தா நானும் அப்பிடிக் கதைச்சிருக்க மாட்டன் நானா. இதுக்கு மருந்து கொட்டை எழுத்து இல்ல, பார்சல் கட்டுற மேசை. நான் செய்யிறத சொல்றன்.

ஃபோன ஒரு இடத்தில நிப்பாட்டி வெச்சு வீடியோ ஓடவிட்டுத்துத்தான் கட்டத் தொடங்குவன். இடையில நிப்பாட்டவே மாட்டன், வெட்டி ஒட்டின வீடியோ ஒண்டுக்கும் உதவாது. முதல்ல சாமான், சீரியல் நம்பர் இருந்தா அது, ஃபோன் எண்டா *#06# அடிச்சு திரையில வாற நம்பர், மறுகா பெட்டிக்குள்ள வெக்கிற, டேப் ஒட்டுற, மேல ஒட்டின விலாசம், கடைசியா தராசு. தபால் கந்தோர்ல பதிவுத் தபாலுக்கோ ஈஎம்எஸ் எண்ட வேகத் தபாலுக்கோ தாற ரசீதுலயும் நிறை கிராம்ல இருக்கும். அந்தத் துண்ட வீசிடாதீங்க. "வெறும் பெட்டி வந்தது" எண்டு ஒருத்தர் சொன்னப்ப 640 கிராம் எண்டு போட்டிருந்த அந்தத் துண்டுதான் என்னைக் காப்பாத்தின. டிராக்கிங் நம்பர் ரெண்டு எழுத்து, ஒம்பது இலக்கம், கடைசியில இலங்கைக்குரிய LK எண்ட ரெண்டு எழுத்து, மொத்தம் 13 வரும், அத அண்டைக்கே சைட்ல ஏத்துங்க. பதிவில்லாம அனுப்பி "கிடைக்கல்ல" எண்டு கேஸ் வந்தா தோத்தாச்சு. ஈபேயில 750 டொலருக்கு மேல எண்டா கையெழுத்து வாங்கின அத்தாட்சியும் கேப்பாங்க.

திரும்பி வாற பார்சலத் திறக்கயும் அதே மாதிரி வீடியோ. கத்தி வெக்க முதல் டேப்பக் காட்டுங்க.

வாழைச்சேனைப்_பெடியன்:
லிஸ்ட் அழிச்சிட்டன் அண்ணன். டீச்சரிட்ட போய் மன்னிப்பும் கேட்டன், உம்மாவக் கூட்டிக்கொண்டு. ஆனா இன்னொரு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்த. "வாங்க மறுத்துவிட்டார்" எண்டு கொரியர் சிஸ்டத்துல இருந்த 14 பேர்ல 9 பேருக்கு உம்மாட ஃபோன்ல இரிந்து எடுத்துக் கேட்டன். நாலு பேர் எங்களுக்கு கோலே வரல்ல எண்டாங்க. ஒருத்தி ஸ்கூல்ல படிப்பிச்சிக்கொண்டு இரிந்திருக்கா, பின்னேரம் வாங்க எண்டு சொன்னவவாம், அங்க மறுத்தார் எண்டு அடிச்சிட்டாங்க. மத்தவங்க காசில்ல, மாசக் கடைசி. ஏமாத்தணும் எண்டே ஓடர் போட்டது ரெண்டு பேர் இரிக்கும்.

சுவிஸ்_ஆரையம்பதி:
இத வாசிச்சுத்து சும்மா இருந்து யோசிச்சன். 14 கள்ளர் எண்டு நாங்க எல்லாரும் நம்பியிருப்பம்.

திருக்கோவில்_கஜு:
நான் டெலிவரிக் காச மட்டும் முன்னுக்கு வாங்குறன், மிச்சம் கையில. 350, 400 ரூவா போட்டவங்க பார்சல எடுக்காம விடுறது அருமை. ஓடர் குறையும்தான், ஆனா வாற ஓடர் ஓடராத்தான் வரும். ஸ்லிப் அனுப்பினா பேங்க் கணக்கத் திறந்து பாத்துத்து அனுப்புங்க, ஸ்லிப்ப எடிட் பண்ணி அனுப்புற ஆக்கள் இருக்காங்க. "மறந்து 4,000 க்குப் பதிலா 40,000 போட்டுட்டன், மிச்சத்த திருப்பிப் போடுங்க" எண்டு ஒரு கதை வரும், அதுல விழுந்துடாதீங்க.

தறிச்சத்தம்:
அக்கா சொன்ன மாதிரி செஞ்சன். காலம ஏழு மணிக்கு மாமிட முத்தத்துல கொடியில சாறிய விரிச்சன். வீட்டு வாசல்ல நிண்டு பாத்தா நீலம். கிணத்தடிக்குப் போய்த் திரும்பிப் பாத்தா பச்சை! மாமா திண்ணையில இரிந்து சிரிக்கிறார், "இப்பதான் உனக்குத் தெரியுமா, இதுக்குத்தானே மயில்கழுத்து எண்டு பேர்" எண்டு. எனக்குப் பேர் தெரியும், அதுட காரணம் தெரியா. நான் போட்டோ எடுத்தது ராவு, டியூப்லைட்டுக்குக் கீழ, நேர் முன்னுக்கு வெச்சு. மூணு போட்டோலயும் நீலம் மட்டும்தான். லிஸ்டிங்ல "நீலம்" எண்டும் எழுதியிரிக்கன்.

நூல் தடிப்பு எண்டு அவ வட்டம் போட்டுக் காட்டின இடமும் பாத்தன். ஊடை நூல் முடிஞ்சு அடுத்தது சேர்த்த இடம். மாமாக்கு அது பிழையாவே படல்ல. "தறியில கையால நெய்யிறதெண்டா அப்பிடித்தான், மெஷின்ல வேணுமெண்டா மெஷின்ல எடுக்கட்டும்" எண்டார். ஆனா பர்மிங்ஹாம்ல இரிக்கிற ஆளுக்கு அத ஆர் சொன்ன? நான் சொல்லல்ல.

இன்னும் ஒரு நாள் இரிக்கு பதில் குடுக்க.

கல்லடிக்_காத்து:
இத அப்பிடியே அவவுக்கு எழுதுங்க தம்பி. வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதாதீங்க. முத்தத்துல எடுத்த ரெண்டு போட்டோவும் போடுங்க, நீலம் ஒண்டு பச்சை ஒண்டு, ஒரே சாறி எண்டு தெரியிற மாதிரி கரையையும் சேத்து. லிஸ்டிங்ல நான் இதச் சொல்லல்ல, அது என்ட குறை எண்டும் எழுதுங்க. மறுகா ரெண்டு வழி குடுங்க: திருப்பி அனுப்பினா தபால் காசோட முழுக் காசும், வெச்சுக்கொண்டா ஒரு பகுதி திருப்பித் தாறன் எண்டு. காசு குடுக்கிறதெண்டா அந்தக் கேஸுக்குள்ளயே குடுக்கணும். வெளியால வேற வழியில அனுப்பிட்டு கேஸ் திறந்து கிடந்தா, சைட்டும் ஒருக்கா எடுக்கும், ரெண்டு தரம் போகும். கார்ட்ல கட்டினவங்க பேங்க்குக்குப் போய் காசத் திருப்பிக் கேக்கிற வழியும் ஒண்டு இருக்கு, விசா கார்ட்டுக்குப் பொதுவா 120 நாள் வரைக்கும். அதால கேஸ் மூடினாலும் மெசேஜ், ரசீது, வீடியோ ஒண்டையும் ஒரு ஆறு மாசத்துக்கு அழிக்காதீங்க.

ஏறாவூர்_நானா:
பகுதிக் காசு குடுக்கிறதெண்டா நல்ல ரிவியூ போட்டாத்தான் எண்டு எழுதுங்க தம்பி.

கல்லடிக்_காத்து:
ஐயோ வேணாம்! அது ரிவியூவ காசுக்கு வாங்குற மாதிரி. ஈபேயில அதுக்கே கணக்கப் பூட்டுவாங்க. ரிவியூ எண்ட சொல்லே அந்த மெசேஜ்ல வரக்கூடாது.

களுவாஞ்சிக்குடியான்:
திருப்பி அனுப்ப முடிவெடுத்தா பார்சல்ல "திரும்பும் பொருள்" எண்டு ஆங்கிலத்துல எழுதச் சொல்லுங்க, பெறுமதி எழுதுற படிவத்துலயும். இல்லாட்டி உங்கட சாறியே உங்களுக்கு இறக்குமதி ஆகி சுங்கத்துல நிக்கும். முதல் அனுப்பின ரசீதையும் கையில வெச்சுக்கொள்ளுங்க.

அமெரிக்காவுக்கு அனுப்புற ஆக்களும் கவனம். 2025 ஓகஸ்ட் 29 இல இருந்து 800 டொலருக்குக் கீழ எண்டா வரியில்ல எண்ட சலுகை எடுபட்டுப் போச்சு. வாங்கினவர் வரியக் கண்டுட்டு பார்சல எடுக்காம விட்டா அதும் ரிட்டர்ன்தான். வரி ஆர் கட்டுற எண்டு லிஸ்டிங்லயே எழுதிடுங்க.

தறிச்சத்தம்:
எழுதினன். மூணு மணித்தியாலத்துல பதில் வந்த. தமிழ்ல! அவட உம்மாட ஊர் சம்மாந்துறையாம், சின்னப் புள்ளையில வந்திரிக்காவாம். சாறி மகள்ர கலியாணத்துக்கு நீலப் பிளவுஸோட உடுக்க எடுத்ததாம், பிளவுஸ் தச்சு முடிஞ்சாம், அதுதான் கோவம். 12 பவுண்ஸ் திருப்பித் தந்தா வெச்சுக்கொள்றன் எண்டா. கேஸுக்குள்ளயே குடுத்தன், மூடிட்டு.

ரிவியூ மூணு நட்சத்திரம். "நல்ல துணி, கலர் விளக்கம் போதாது" எண்டு போட்டிரிக்கா. ரெண்டு நாள் மனம் கேக்கல்ல. மறுகா பாத்தா அதுல பொய் ஒண்டும் இல்ல.

இப்ப எல்லா லிஸ்டிங்கையும் திருத்துறன். பாவு நிறம் ஊடை நிறம் ரெண்டும் எழுதுறன், நூல் சேர்த்த இடத்த விரல் வெச்சுக் காட்டி ஒரு போட்டோ, நீளம் அகலம் டேப் வெச்சு ஒரு போட்டோ. முந்தானையில ஒரு அட்டை நூலால கட்டி, அட்டை அறுத்தா திருப்பி எடுக்க மாட்டம் எண்டும் எழுதுறன். உடுத்துத்துத் திருப்பி அனுப்புற ஆக்களுக்கு அது போதும் எண்டு நினைக்கிறன்.

ஏறாவூர்_நானா:
ஐஎம்இஐ எழுத ஒரு சிஆர் கொப்பி வாங்கிட்டன். கொட்டை எழுத்த இன்னும் எடுக்கல்ல. பாப்பம்.

தறிச்சத்தம்:
நேத்து அந்த அம்மா திருப்பி மெசேஜ். தங்கச்சிக்கும் ஒண்டு வேணுமாம், மாம்பழ மஞ்சள்ல சிவப்பு ஊடை போட்டது. போட்டோ வேணாமாம், சாறியக் கையில புடிச்சு வெளிச்சத்துல அங்கயும் இங்கயும் ஆட்டி வீடியோ எடுத்து சைட்ல போடட்டாம். நாளைக்குக் காலம ஏழு மணிக்கு முத்தத்துல எடுக்கணும், மழை பெய்யாட்டி.